சேவை நிற்காமல் விர்ச்சுவல் ஃபயர்வால் ஜோடியை அப்கிரேடு செய்வது: முழுமையான வழிகாட்டி

ஹை அவைலபிலிட்டி ஜோடியை, அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் இரட்டைக் கருவிகளை, அப்கிரேடு செய்யும் முறையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். சும்மா நிற்கும் ஸ்டாண்ட்பை கருவியை முதலில் அப்கிரேடு செய்ய வேண்டும். டிராஃபிக்கை அதற்கு மாற்ற வேண்டும். பிறகு, இதுவரை ஆக்டிவாக இருந்த கருவியை அப்கிரேடு செய்ய வேண்டும். தேவைப்பட்டால் டிராஃபிக்கைத் திருப்பிக்கொள்ளலாம். ஃபயர்வால், ரௌட்டர், லோட் பேலன்சர், விபிஎன் கேட்வே எதுவானாலும், யார் தயாரித்ததானாலும், வரிசை இதுதான்.

இவ்வளவுதான் என்றால் இதற்காக ஏன் பலர் பாதி ராத்திரி விழித்திருக்கிறார்கள்? சேவை அறுபடுவது பெரும்பாலும் புதிய மென்பொருளால் அல்ல. டிராஃபிக் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் அந்தச் சில விநாடிகளில்தான். கருவி விர்ச்சுவலாக இருந்தால் நடுவில் ஹைப்பர்வைசர் (ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்), விர்ச்சுவல் ஸ்விட்ச், ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நொடி நிலையைப் பதிந்துவைப்பது), பேக்கப் மென்பொருள் எல்லாம் வந்து நிற்கும். ஃபயர்வால் தயாரிப்பாளரின் கையேடு அவற்றைப் பற்றி அதிகம் பேசாது. அதனால் இங்கே அப்கிரேடு பொத்தானை அழுத்துவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், கைமாற்றத்தைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

வசதிக்காக, இப்போது ஆக்டிவாக இருக்கும் கருவியை 'அ' என்றும் ஸ்டாண்ட்பையை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம்.

## முதலில்: எத்தனை விநாடி தாங்கும்?

"டவுன்டைம் குறைவாக இருக்க வேண்டும்" என்று எழுதி வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். எண் வேண்டும். 99.99 சதவீத நேரம் சேவை இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தால் ஆண்டு முழுவதற்கும் சுமார் 52 நிமிடம் கையில் இருக்கிறது. 99.999 என்றால் 5 நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒழுங்காக நடக்கும் ஃபெயில்ஓவர், அதாவது டிராஃபிக் கைமாற்றம், சில விநாடிகளில் முடிந்துவிடும். சொதப்பினால் அந்த 5 நிமிடம் ஒரே இரவில் போய்விடும்.

விநாடிக் கணக்கு பாதிக் கதைதான். இணையப் பக்கம் பார்ப்பவருக்கு 3 விநாடி தடங்கல் தெரியவே தெரியாது. தொலைபேசி உரையாடலில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உண்மையில் அதிகம் அடிபடுவது அப்ளிகேஷன் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே நாள்கணக்கில் திறந்தே கிடக்கும் இணைப்புகள்தான். கைமாறும்போது அந்த செஷன் (ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும் இணைப்பு விவரம்) புதிய கருவிக்குத் தெரியாமல் போனால் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கி எறியும். அப்ளிகேஷனோ இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்துக் காத்துக்கொண்டே இருக்கும். எனவே இரண்டு கருவிகளுக்கும் இடையே செஷன் ஒத்திசைவு நடக்கிறதா, எந்த வகை செஷன்கள் அதில் சேரும் என்று பாருங்கள். சாதாரண டிசிபி செஷன்கள் பொதுவாகச் சேரும். ப்ராக்ஸி முறையில் கருவியே நடுவில் நின்று முடித்துவைக்கும் டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த) இணைப்புகள் பெரும்பாலும் சேராது. அவை அறுபடும் என்று சம்பந்தப்பட்ட குழுக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## படி 1: ரிலீஸ் நோட்ஸை இந்தக் கேள்விகளோடு படியுங்கள்

முழுவதையும் படிப்பது நல்லது. நேரமில்லை என்றால் குறைந்தது நான்கு விஷயத்தைத் தேடி எடுங்கள்.

இப்போதைய பதிப்பிலிருந்து நேராகத் தாவலாமா, இடையில் ஒரு பதிப்பில் இறங்கி ஏற வேண்டுமா? இடையில் நிற்க வேண்டும் என்றால் மொத்த ஃபெயில்ஓவர்களின் எண்ணிக்கையும் கூடும். திட்டத்தில் அது தெரிய வேண்டும்.

பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே ஜோடியில் இருக்கும்போது என்ன நடக்கும்? இதுதான் நான்கிலும் முக்கியமானது. நெட்ஸ்கேலர் லோட் பேலன்சரில் இரு பக்கமும் பதிப்பு வேறுபட்டால் கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள்) ஒத்திசைவு தானாகவே நின்றுவிடும். எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி லோட் பேலன்சரிலும் வேறுபட்ட பதிப்புகளுக்கு இடையே கான்ஃபிக் ஒத்திசைவு செய்யக்கூடாது. செஷன் ஒத்திசைவு பதிப்பு தாண்டி வேலை செய்யுமா என்பது ஒவ்வொரு பதிப்புக்கும் மாறும். வேலை செய்யாது என்றால் கைமாற்றத்தில் எல்லா இணைப்பும் புதிதாகத் தொடங்கும். அப்போது வேலை நேரத்தை இன்னும் அமைதியான பொழுதுக்குத் தள்ளுங்கள்.

ரேம், டிஸ்க், விசிபியு (விஎம்முக்கு ஒதுக்கிய பிராசசர்) போதுமா? புதிய பதிப்பு கூடுதலாகக் கேட்டால் இரண்டு விஎம்மிலும் ஒரே அளவு கூட்ட வேண்டும். அளவு வேறுபட்டால் ஜோடி சேர மறுக்கும் கருவிகளும் உண்டு.

லைசென்ஸ் புதிய பதிப்புக்கும் செல்லுமா? எஃப்5 கருவியில் லைசென்ஸின் 'சர்வீஸ் செக்' தேதி பழையதாக இருந்தால், அப்கிரேடுக்கு முன்பே லைசென்ஸைப் புதுப்பித்துச் செயல்படுத்த வேண்டும். இல்லையென்றால் கருவி பூட் ஆகும், கான்ஃபிக் ஏறாது. நள்ளிரவில் இதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் பிடிக்காது.

## படி 2: ஹைப்பர்வைசரைச் சரிபாருங்கள்

'அ'வும் 'ஆ'வும் வெவ்வேறு ஹோஸ்டில்தான் (ஹைப்பர்வைசர் ஓடும் சர்வர்) ஓடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அவை சேர்ந்து ஒரே ஹோஸ்டில் உட்காராதபடி ஆன்ட்டி அஃபினிட்டி விதி இருக்க வேண்டும். டிஸ்க்குகளும் ஒரே டேட்டாஸ்டோரில் (விஎம் டிஸ்க்குகளை வைக்கும் சேமிப்பகம்) இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து போர்ட் குரூப்பின், அதாவது விர்ச்சுவல் ஸ்விட்சில் ஒரே அமைப்புகள் கொண்ட போர்ட்டுகளின் தொகுப்பின், பாதுகாப்பு அமைப்புகள். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் விர்ச்சுவல் ஜோடிகள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஜோடியில் யார் ஆக்டிவ் என்று முடிவு செய்யும் விஆர்ஆர்பி போன்ற நெறிமுறைகள் ஜோடிக்குப் பொதுவான ஒரு விர்ச்சுவல் மேக் முகவரியை (மேக் என்பது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பயன்படுத்துகின்றன. விஆர்ஆர்பியில் அதன் கடைசி பைட், அந்த ஜோடியை அடையாளம் காட்டும் குழு எண். ஆக்டிவாக இருக்கும் கருவி அந்த முகவரியிலிருந்து பாக்கெட் அனுப்பும். ஆனால் ஹைப்பர்வைசருக்குத் தெரிந்தது விஎம்முக்கு அது கொடுத்த மேக் முகவரி மட்டுமே. விஎம்வேர் ஹைப்பர்வைசரில் ஒவ்வொரு போர்ட் குரூப்புக்கும் ப்ரோமிஸ்குவஸ் மோட், மேக் அட்ரஸ் சேஞ்சஸ், ஃபோர்ஜ்ட் ட்ரான்ஸ்மிட்ஸ் என்று மூன்று அமைப்புகள் உண்டு. பல ஹோஸ்டுகளுக்குப் பொதுவான டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில் இயல்பாக இந்த மூன்றுமே நிராகரிப்பில்தான் இருக்கும். ஃபோர்ஜ்ட் ட்ரான்ஸ்மிட்ஸ் நிராகரிப்பில் இருந்தால் 'ஆ' ஆக்டிவாக மாறி விர்ச்சுவல் மேக்கிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டையும் விர்ச்சுவல் ஸ்விட்ச் கொன்றுவிடும். கருவியின் திரையில் எல்லாம் பச்சை. நிலை 'ஆக்டிவ்'. இன்டர்ஃபேஸ் மேலே. டிராஃபிக் மட்டும் பூஜ்ஜியம்.

ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் கையால் அமைத்த ஸ்டாண்டர்ட் ஸ்விட்ச் என்றால் இது இன்னும் மோசம். 'அ' இருக்கும் ஹோஸ்டில் சரியாகவும் 'ஆ' இருக்கும் ஹோஸ்டில் தவறாகவும் இருக்கும்; ஃபெயில்ஓவர் நடக்கும் வரை யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு பக்கமும், எல்லா இன்டர்ஃபேஸுக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஓப்பன்ஸ்டாக் கிளவுட் தளத்தில் இதே வேலையைச் செய்வது போர்ட் செக்யூரிட்டி. அங்கே பொது ஐபியையும் மேக்கையும் 'அலவ்ட் அட்ரஸ் பேர்ஸ்' பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். லினக்ஸின் கேவிஎம் ஹைப்பர்வைசரில், அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் மேக் ஏமாற்றுத் தடுப்பு ஃபில்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பொது கிளவுடில் கதையே வேறு. அங்கே ஆர்ப் (எந்த ஐபி எந்த மேக்கில் இருக்கிறது என்று சொல்லும் நெறிமுறை) அறிவிப்பால் ஐபி நகராது. கருவி கிளவுடின் ஏபிஐயை (மென்பொருள் வழியே கட்டளையிடும் வாயில்) அழைத்து ரௌட் டேபிளையோ ஐபியையோ மாற்ற வேண்டும், அல்லது லோட் பேலன்சரின் ஹெல்த் ப்ரோப் (கருவி உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) முடிவு செய்ய வேண்டும். அந்த ஏபிஐயை அழைக்க 'ஆ'வுக்கும் அனுமதி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பழைய அனுமதி 'அ'வுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருப்பது சகஜம்.

கடைசியாக, அந்த இரவுக்கு நிறுத்திவைக்க வேண்டியவை. இரண்டு விஎம்மையும் தானாக வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் டிஆர்எஸ் போன்ற வசதியை நிறுத்துங்கள். அட்டவணைப்படி ஓடும் பேக்கப்பையும் நிறுத்துங்கள். அது எடுக்கும் ஸ்னாப்ஷாட் விஎம்மைக் கொஞ்ச நேரம் உறையவைக்கும். அந்த உறைவு ஹார்ட்பீட் (கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் 'நான் இருக்கிறேன்' செய்தி) கெடுவைத் தாண்டினால் நீங்கள் கேட்காத ஃபெயில்ஓவர் ஒன்று இலவசமாக வரும். ஹைப்பர்வைசர் ஹோஸ்டின் பேட்ச் வேலையையும் இதே இரவில் சேர்த்துச் செய்ய யாராவது யோசனை சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று தெரியாமல் போகும்.

## படி 3: திரும்பி வரும் வழி

கான்ஃபிக்கை எக்ஸ்போர்ட் செய்து கருவிக்கு வெளியே வையுங்கள். அதை மீட்டெடுக்கத் தேவையான மாஸ்டர் கீயோ பாஸ்வேர்டோ எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கோப்பு இருந்து சாவி இல்லாவிட்டால் பயனில்லை. அப்புறம், எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரௌட்டுகள் எத்தனை, விதிகள் எத்தனை, விபிஎன் டனல்கள் எத்தனை, சராசரி செஷன் எத்தனை, இன்டர்ஃபேஸ்களின் மேக் முகவரிகள் எவை. பின்னால் ஒப்பிட இதுதான் ஆதாரம்.

சரி, ஸ்னாப்ஷாட்டுக்கு வருவோம். விர்ச்சுவல் கருவியின் பெரிய வசதி அது. பெரிய பொறியும் அதுவே. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் நினைவகத்தையும் சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்தால், திரும்ப அதற்குப் போகும்போது அந்தக் கருவி எடுத்த நொடியின் மனநிலையோடு எழுந்திருக்கும். அப்போது ஆக்டிவாக இருந்தது என்றால் இப்போதும் தான்தான் ஆக்டிவ் என்று நினைத்துக்கொண்டே எழும். அந்த நேரம் மற்றதும் ஆக்டிவாக இருந்தால் ஒரே ஐபிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.

எனவே விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்து, பவர் ஆஃப் நிலையில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். நல்ல விஷயம் என்னவென்றால், இந்த வழிகாட்டியின் வரிசையில் ஆக்டிவ் கருவியை ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டிய தேவையே வராது. 'ஆ' ஸ்டாண்ட்பையாக இருக்கும்போது அதை எடுக்கிறோம். பிறகு டிராஃபிக் 'ஆ'வுக்குப் போனபின் 'அ' ஸ்டாண்ட்பை ஆகும். அப்போது அதை எடுக்கிறோம்.

எஸ்ஆர்-ஐஓவி அல்லது பாஸ்த்ரூ முறையில் நெட்வொர்க் கார்டை நேரடியாகக் கொடுத்திருந்தால் விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் வசதி கிடைக்காது. அங்கே கருவிக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது பூட் பார்ட்டிஷனை நம்ப வேண்டும். புதிய பதிப்பை காலியான பார்ட்டிஷனில் நிறுவி அதிலிருந்து பூட் செய்வது; கெட்டால் பழையதிலிருந்து பூட் செய்வது. அந்த வசதி உள்ள கருவிகளில் ஸ்னாப்ஷாட்டைவிட நான் இதைத்தான் விரும்புவேன்.

ஸ்னாப்ஷாட்டுக்குப் பதிலாக குளோன் (முழு நகல்) எடுக்கலாமே என்று தோன்றும். குளோனுக்குப் புதிய யூயூஐடி (விஎம்மின் தனி அடையாள எண்) வரும். லைசென்ஸ் யூயூஐடியோடு கட்டப்பட்டிருந்தால் குளோன் லைசென்ஸ் இல்லாமல் எழும்.

## படி 4: பழைய பதிப்பிலேயே ஒரு ஃபெயில்ஓவர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். அப்கிரேடுக்குச் சில நாள் முன்பே, எதையும் மாற்றாமல், 'அ'விலிருந்து 'ஆ'வுக்கு டிராஃபிக்கை மாற்றி மறுபடி கொண்டுவாருங்கள். மேலே சொன்ன போர்ட் குரூப் கோளாறு, அனுமதிக் கோளாறு, ஆர்ப் கோளாறு எல்லாம் இங்கே வெளியே வந்துவிடும். அப்கிரேடு இரவில் வந்தால் பழி புதிய மென்பொருளின் மேல் போகும். நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அளந்து பாருங்கள். உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே 0.2 விநாடிக்கு ஒரு பிங் ஓடவிடுங்கள். தொலைந்த பிங் ஒவ்வொன்றும் 0.2 விநாடி. 18 பிங் போயிருந்தால் சுமார் 3.6 விநாடி. கூடவே ஒரு எஸ்எஸ்எச் (தொலை உள்நுழைவு) இணைப்பையும் பெரிய கோப்பு ஒன்றின் பதிவிறக்கத்தையும் திறந்து வையுங்கள். பிங் திரும்பி வந்தும் எஸ்எஸ்எச் செத்துவிட்டது என்றால் செஷன் ஒத்திசைவு வேலை செய்யவில்லை.

3.6 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. விஆர்ஆர்பியில் ஆக்டிவ் கருவி 1 விநாடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும்) முகவரிக்குத் தன் இருப்பை அறிவிக்கும். இது இயல்பு அமைப்பு. ஸ்டாண்ட்பை மூன்று அறிவிப்பு நேரம் காத்திருக்கும். அதோடு ஒரு சின்னக் கூடுதல்: 256இலிருந்து தன் முன்னுரிமை எண்ணைக் கழித்து 256ஆல் வகுத்த விநாடி. முன்னுரிமை 100 என்றால் அது சுமார் 0.6. ஆக மொத்தம் 3.6 விநாடி. 'அ'வின் மின்சாரத்தைப் பிடுங்கினால் இவ்வளவு நேரம் போகும்.

ஆனால் 'அ' முறையாகப் பதவி விலகினால், முன்னுரிமை 0 என்று ஒரு கடைசி அறிவிப்பு அனுப்பும். அதைக் கேட்ட 'ஆ' மூன்று விநாடி காத்திருக்காது. அந்த 0.6 விநாடி மட்டும் பொறுத்துவிட்டு எடுத்துக்கொள்ளும். ஹைப்பர்வைசரில் பவர் ஆஃப் அழுத்துவதற்கும் கருவியின் சொந்தக் கட்டளையால் கைமாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஆறு மடங்கு. மற்ற நெறிமுறைகளில் எண் மாறும், தத்துவம் அதேதான். சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பியில் இயல்பு அமைப்பில் 3 விநாடிக்கு ஒரு ஹலோ, 10 விநாடி கெடு.

'ஆ' எடுத்துக்கொண்டதும் கிராட்யூட்டஸ் ஆர்ப், அதாவது யாரும் கேட்காமலே சொல்லும் ஆர்ப் அறிவிப்பு, அனுப்பும். விர்ச்சுவல் மேக் பயன்படுத்தும் ஜோடியில் இதன் வேலை, அந்த மேக் இப்போது வேறு போர்ட்டில் இருக்கிறது என்று பிசிக்கல் ஸ்விட்சுக்குக் கற்றுக்கொடுப்பது. விர்ச்சுவல் மேக் இல்லாத ஜோடியில் ஐபி அதேதான், மேக் மாறும்; அக்கம்பக்கத்துக் கருவிகள் எல்லாம் தங்கள் ஆர்ப் பட்டியலைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு ரௌட்டர் அந்த அறிவிப்பைக் கண்டுகொள்ளாவிட்டால் பழைய மேக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சிஸ்கோ ரௌட்டர்களில் ஆர்ப் பதிவின் இயல்பு ஆயுள் 4 மணி நேரம். ஒரு சப்நெட் மட்டும் வரவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ரௌட்டரின் ஆர்ப் பட்டியல்.

கருவி பிஜிபி (ரௌட்டர்கள் ரௌட்டுகளைப் பகிரும் நெறிமுறை) பேசுகிறது என்றால் இன்னொரு அடுக்கு உண்டு. ஃபெயில்ஓவரில் பிஜிபி அண்டை உறவு அறுந்து மறுபடி கட்டப்படும். அதற்குள் எதிர்ப்பக்கம் ரௌட்டுகளைத் தூக்கி எறிந்தால் சில விநாடி என்பது நிமிடமாகும். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இரு பக்கமும் இயக்கப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கம் ரௌட்டுகளைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் பிஎஃப்டியை மிக வேகமாக வைத்திருந்தால், அது முந்திக்கொண்டு இணைப்பு செத்துவிட்டது என்று சொல்லி இந்த ஏற்பாட்டைக் கெடுக்கலாம். ஒத்திகையில் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

## படி 5: அன்று பகலில்

இமேஜைப் பதிவிறக்கி எஸ்எச்ஏ-256 செக்சம்மைச் (கோப்பு சிதையவில்லை என்று காட்டும் எண்) சரிபாருங்கள். இரண்டு கருவியிலும் பகலிலேயே ஏற்றிவிடுங்கள். கான்ஃபிக் மாற்றங்களை நிறுத்திவையுங்கள். இரண்டு பதிப்பு கலந்திருக்கும் நேரத்தில் செய்யும் ஒரு சிறு விதி மாற்றம் ஒரு பக்கம் மட்டும் தங்கிவிடும். ஹைப்பர்வைசர் கன்சோலில் இரண்டு விஎம்மும் திறக்கிறதா, லோக்கல் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று ஒருமுறை நுழைந்து பாருங்கள். உள்நுழைவு சர்வரே அந்த ஃபயர்வாலுக்கு அந்தப் பக்கம் இருக்கலாம்.

## படி 6: 'ஆ'வை அப்கிரேடு செய்தல்

முதலில் இரண்டு பக்கமும் ப்ரீஎம்ப்ட்டை நிறுத்துங்கள். முன்னுரிமை அதிகமுள்ள கருவி எழுந்தவுடன் தானாகப் பதவியைப் பிடுங்கிக்கொள்ளும் வசதி இது. சாதாரண நாளில் பரவாயில்லை. அப்கிரேடு நடுவில், பாதி வெந்த நிலையில் இருக்கும் கருவி டிராஃபிக்கைப் பிடுங்கினால் வம்பு.

அடுத்து 'ஆ'வைப் போட்டியிலிருந்து விலக்குங்கள். பாலோ ஆல்டோ ஃபயர்வாலில் இதற்கு 'சஸ்பெண்ட்' உண்டு. பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலில் நிரந்தர கார்ப் (விஆர்ஆர்பி போன்ற நெறிமுறை) பராமரிப்பு நிலை உண்டு. ஸ்டாண்ட்பைதானே, எதற்கு என்று நினைக்க வேண்டாம். ரீபூட் ஆகி எழும்போது ஹார்ட்பீட் இன்டர்ஃபேஸ் தயாராவதற்குள் மற்ற சேவைகள் எழுந்துவிட்டால், 'அ'வின் குரல் கேட்காத 'ஆ' தானே ஆக்டிவ் என்று அறிவிக்கலாம்.

பிறகு ஷட்டவுன், ஸ்னாப்ஷாட், பவர் ஆன், அப்கிரேடு, ரீபூட். இந்த நேரம் முழுக்க 'அ' துணையில்லாமல் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள். கன்சோலைத் திறந்து வைத்துப் பாருங்கள். கான்ஃபிக்கைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது வரும் எச்சரிக்கைகள் பல நேரம் அங்கே மட்டும்தான் தெரியும்.

எழுந்ததும் குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். இன்டர்ஃபேஸ் வரிசையைக் குறிப்பாகப் பாருங்கள். உள்ளிருக்கும் இயங்குதளமோ டிரைவரோ மாறினால் நெட்வொர்க் கார்டுகளின் பெயர் இடம் மாறலாம். வெளி இன்டர்ஃபேஸ் உள்ளேயும் உள் இன்டர்ஃபேஸ் வெளியேயும் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பெயரை நம்பாமல் மேக் முகவரியை ஹைப்பர்வைசரில் உள்ளதோடு பொருத்துங்கள். அப்புறம் லைசென்ஸ், விதிகளின் எண்ணிக்கை, சான்றிதழ்கள், நேரம்.

எல்லாம் சரி என்றால் சஸ்பெண்டை விலக்கி 'ஆ'வை ஸ்டாண்ட்பையாகச் சேருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, செஷன் எண்ணிக்கை 'ஆ'வில் மெல்ல ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறி நிலைக்கும் வரை பொறுங்கள். அவசரப்பட்டு உடனே கைமாற்றினால் ஒத்திசையாத செஷன்கள் எல்லாம் போய்விடும்.

## படி 7: கைமாற்றம்

'அ'வில் நின்று, அதன் சொந்தக் கட்டளையால் பதவி விலகச் செய்யுங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

முதலில் இரண்டு கருவியிலும் நிலையைப் பாருங்கள்: ஒன்று ஆக்டிவ், ஒன்று ஸ்டாண்ட்பை, அவ்வளவுதான் இருக்க வேண்டும். பிறகு பிங் இடைவெளி ஒத்திகையில் வந்த எண்ணுக்கு அருகில் இருக்கிறதா? அக்கம்பக்கத்து ரௌட்டரின் ஆர்ப் பட்டியல் சரியா? பழைய எஸ்எஸ்எச் உயிரோடு இருக்கிறதா? புதிய இணைப்புகள் உருவாகின்றனவா? விபிஎன் டனல்கள் எண்ணிக்கை பழையபடி உள்ளதா? கடைசியாக, டிராப் லாக் (தூக்கி எறிந்த பாக்கெட்டுகளின் பதிவு). புதிய பதிப்பின் இயல்பு அமைப்பு மாற்றங்கள் டிராப் லாகில்தான் முதலில் தலைகாட்டும்.

எவ்வளவு நேரத்துக்குள் பிரச்சினை தீராவிட்டால் திரும்புவது என்பதை முன்பே எழுதிவையுங்கள். அந்த நேரத்தில், இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்ற குரல் எப்போதும் எழும். திரும்புவது இப்போது மலிவு: 'அ' இன்னும் பழைய பதிப்பில் அப்படியே இருக்கிறது, இன்னொரு ஃபெயில்ஓவர் போதும்.

இந்த மலிவான நிலையை எவ்வளவு நேரம் நீட்டலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பலர் பத்து நிமிடத்தில் 'அ'வையும் முடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். பதிப்பு கலந்த நிலையிலும் செஷன் ஒத்திசைவு ஓடுகிறது, தயாரிப்பாளரும் அதை அனுமதிக்கிறார் என்றால், ஒரு உச்ச நேரத்தைத் தாண்டும் வரை 'அ'வைத் தொடாமல் விடுவதே என் வழக்கம். மெமரி கசிவு, குறிப்பிட்ட அப்ளிகேஷனோடு வரும் உரசல் இவையெல்லாம் நள்ளிரவு டிராஃபிக்கில் தெரியாது. ஒத்திசைவு ஓடவில்லை என்றால் இந்த வாதம் செல்லாது. துணை இருந்தும் இல்லாத நிலையில் ஒரு நாள் முழுக்க இருப்பதைவிட அன்றிரவே முடித்துவிடலாம்.

## படி 8: 'அ'வை அப்கிரேடு செய்தல்

படி 6 அப்படியே: சஸ்பெண்ட், ஷட்டவுன், ஸ்னாப்ஷாட், அப்கிரேடு, ஒப்பீடு. ஒன்று மட்டும் கூடுதல். இரண்டும் ஒரே பதிப்புக்கு வந்ததும் கான்ஃபிக் ஒத்திசைவு மறுபடி உயிர்பெறும். எதிலிருந்து எதற்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அனுமதியுங்கள். ஆக்டிவாக இருக்கும் 'ஆ'விலிருந்து 'அ'வுக்குத்தான் போக வேண்டும்.

பிறகு 'அ'வுக்கு ஒருமுறை கைமாற்றிப் பாருங்கள். 'ஆ'விலேயே விட்டுவிட உத்தேசித்தாலும் இதைச் செய்யுங்கள். புதிய பதிப்பில் 'அ' ஒரு பாக்கெட்டையும் சுமந்து பார்க்காத வரை உங்களிடம் இருப்பது சோதிக்கப்படாத துணை.

## கவிழ்ந்தால்

இரண்டும் ஆக்டிவ் ஆகிவிட்டால், அதாவது ஸ்ப்ளிட் பிரெய்ன் வந்தால், இரண்டையும் மாறி மாறி ரீபூட் செய்யாதீர்கள். எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து, மற்றதன் டேட்டா நெட்வொர்க் கார்டுகளை ஹைப்பர்வைசரில் டிஸ்கனெக்ட் செய்யுங்கள். விஎம் ஓடட்டும், ஹார்ட்பீட் கார்டு மட்டும் இணைந்திருக்கட்டும். டிராஃபிக் உடனே நிலைக்கும். காரணத்தை நிதானமாகத் தேடலாம். வழக்கமான காரணங்கள்: ஹார்ட்பீட் விலேன் (ஹார்ட்பீட்டுக்கான தனி விர்ச்சுவல் நெட்வொர்க்) ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் கொண்டுபோகப்படாதது, ஸ்விட்சின் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்டை யாருக்கு அனுப்புவது என்று வடிகட்டும் வசதி) மல்டிகாஸ்டை விழுங்குவது, அதே சப்நெட்டில் வேறு ஜோடி அதே குழு எண்ணைப் பயன்படுத்துவது.

அப்கிரேடுக்குப் பின் கருவி எழவில்லை என்றால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். ஆனால் முதலில் அதன் டேட்டா கார்டுகளைக் கழற்றிவிட்டுத் திரும்புங்கள். பவர் ஆன் செய்து, சஸ்பெண்ட் செய்து, ஹார்ட்பீட் மூலம் ஆக்டிவ் கருவியைப் பார்க்கிறது என்று தெரிந்தபின் கார்டுகளை ஒவ்வொன்றாக இணையுங்கள்.

இரண்டையும் முடித்தபின் கோளாறு தெரிந்தால் ஸ்டாண்ட்பையை மட்டும் பழைய பதிப்புக்குக் கொண்டுபோய்க் கைமாற்ற வேண்டும். புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு செஷன் ஒத்திசைவை எதிர்பார்க்காதீர்கள். இணைப்புகள் ஒருமுறை அறுபடும்.

## மாற்று வழி: புதிய விஎம்

பதிப்பு இடைவெளி மிகப் பெரிது, அல்லது விஎம்மின் டிஸ்க் அமைப்பே மாறிவிட்டது என்றால் இருக்கும் விஎம்மை அப்கிரேடு செய்வதைவிட, புதிய பதிப்பில் புதிய விஎம்மை நிறுவி, கான்ஃபிக்கை ஏற்றி, 'ஆ'வின் இடத்தில் வைப்பது சுத்தமானது. பழைய 'ஆ' பவர் ஆஃப் நிலையில், கார்டுகள் கழற்றப்பட்டு அப்படியே இருக்கும், அதுவே ரோல்பேக், அதாவது திரும்பி வரும் வழி. லைசென்ஸை மாற்றிக்கொள்ளும் வழியை மட்டும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

## கடைசியாகச் செய்ய வேண்டியவை

ஸ்னாப்ஷாட்டுகளை நீக்குங்கள். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. நீக்கும்போதும் விஎம் சற்று உறையும். ஆகவே முதலில் ஸ்டாண்ட்பையில் நீக்குங்கள், அடுத்ததை அது ஸ்டாண்ட்பை ஆகும் சந்தர்ப்பத்தில் நீக்குங்கள். டிஆர்எஸ், பேக்கப், அலாரங்களை மறுபடி இயக்குங்கள். ப்ரீஎம்ப்ட்டை மறுபடி போடுவதா என்று யோசியுங்கள். இரண்டு கருவியும் ஒரே திறன் என்றால் நிறுத்தியே வைப்பதுதான் என் சிபாரிசு. புதிய விஎம் நிறுவப் பயன்படும் டெம்ப்ளேட்டையும் இந்தப் பதிப்புக்கு மாற்றிவிடுங்கள், அடுத்த முறை அவசரத்தில் ஒரு கருவியை மறுபடி எழுப்பும்போது அது பழைய பதிப்பில் எழுந்து ஜோடி சேர மறுக்காமல் இருக்கும்.